புரவலர் வரிசை – 6: துண்டு விழும் என்று தெரிந்தே போட்ட கணக்கு

1881ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து வங்கியாளர் ஒருவர் தமக்காக எழுதிவைத்த திட்டக் குறிப்பில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வாத்தியக்காரர்கள் 60 பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், ஆக 90,000. இசை நடத்துநருக்கு 3,000. முதல் வயலின், தனி வாசிப்பு போன்ற பொறுப்பான இடங்களுக்கு மேற்கொண்டு 7,000. கூட்டினால் ஒரு லட்சம். இதில் பாதி டிக்கெட் விற்று வந்துவிடும், மீதி 50,000 வருஷா வருஷம் துண்டு விழும், அதை ஈடுகட்டப் பத்து லட்சம் டாலர் முதல் வேண்டும் என்று கணக்கு முடிகிறது. ஐந்து வட்டிக்குப் போட்டால் பத்து லட்சத்துக்கு ஐம்பதாயிரம் என்பது வங்கியாளருக்கு விரல் நுனிக் கணக்கு. எழுதியவர் ஹென்றி லீ ஹிக்கின்சன். அந்தக் காகிதத்திலிருந்து பிறந்தது பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு. இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவர்கள் பெரும்பாலும் அரண்மனைக்காரர்கள். ஹைடனை வேலைக்கு வைத்திருந்த எஸ்டர்ஹாசி இளவரசர்களுக்கோ, வாக்னருக்கு வாரி இறைத்த பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்குக்கோ இப்படியொரு காகிதம் தேவைப்படவில்லை. கஜானா இருக்கும்வரை கொடுத்தார்கள். ஹிக்கின்சன் முதல் நாளிலேயே நஷ்டத்தை ஒரு செலவினமாக எழுதிக்கொண்டு இறங்கினார். அவர் கொடுத்த டாலரைவிட, அந்த டாலரைக் கொடுத்த முறைதான் அமெரிக்காவில் சிம்பொனி இசையை நிலைநிறுத்தியது என்பது என் வாதம். அந்த முறையின் குறையும் அதே காகிதத்தின் கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது என்பது வாதத்தின் மறுபாதி.

அவருக்கு முன்பு பாஸ்டனில் இசையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஹேண்டல் அண்ட் ஹைடன் சொசைட்டி என்ற பாடகர் சங்கம் 1815 முதல் இயங்கிவந்தது. ஹார்வர்டு இசைச் சங்கம் 1865 முதல் சிம்பொனிக் கச்சேரிகள் நடத்திவந்தது. தியடோர் தாமஸ் தம் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றுகையில் பாஸ்டனிலும் வாசித்துவிட்டுப் போவார். நியூயார்க்கில் 1842இலேயே பில்ஹார்மோனிக் பிறந்துவிட்டது. அது வாத்தியக்காரர்களே கூட்டுச் சேர்ந்து நடத்தி, வசூலைப் பங்கிட்டுக்கொண்ட அமைப்பு. இவற்றிலெல்லாம் ஆர்வத்துக்குக் குறைவில்லை, திறமைக்கும் பஞ்சமில்லை. இல்லாமல் போனது ஒத்திகை நேரம். நம் கச்சேரி மேடையில் பாடகரும் மிருதங்கக்காரரும் அன்று மாலைதான் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டார்கள் என்றாலும் கச்சேரி களைகட்டிவிடும்; கூடவே போய்க் கண்டுபிடிப்பதுதான் அங்கே ரசம். சிம்பொனி வேறு ஜாதி. எழுதிவைத்த ஒரே இசையை அறுபது பேர் ஒரே வில்லசைவில், ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். அது மாதக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து பழகினால் மட்டுமே வரும். அன்றைய அமெரிக்க வாத்தியக்காரருக்கு அப்படி உட்கார வழியில்லை. திங்கட்கிழமை நாடகக் கொட்டகை, செவ்வாயன்று யார் வீட்டிலோ நடன விருந்து, பகலில் டியூஷன், இடையே கிடைத்த ஒரு பொழுதில் பீத்தோவன். நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் அதிகச் சம்பளம் தரும் வேலை வேறெங்காவது கிடைத்துவிட்டால், உறுப்பினர் தமக்குப் பதில் வேறொருவரை அனுப்பிவைப்பது சகஜமாக இருந்தது. ஒத்திகையில் ஒரு முகம், கச்சேரியில் இன்னொரு முகம். இந்த நோய்க்குத்தான் ஹிக்கின்சனின் கணக்கு மருந்து எழுதியது. அறுபது பேரின் நேரத்தையும் ஆண்டுச் சம்பளத்துக்கு மொத்தமாக வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

இந்த முடிவுக்கு அவர் வந்து சேர்ந்த பாதை வெற்றிகளால் ஆனதல்ல. 1834இல் நியூயார்க்கில் பிறந்தார். 1837இன் வணிக நெருக்கடியில் தந்தை ஜார்ஜின் தொழில் நொடித்துப்போக, குடும்பம் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தது. ஹார்வர்டில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கண்கோளாறால் படிப்பு நின்றது. துறைமுகத்தில் ஒரு கப்பல் வணிகரின் அலுவலகத்தில் கணக்கெழுதினார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணம் கைக்கு வந்ததும் 1856இல் வியன்னாவுக்குக் கிளம்பிவிட்டார், பியானோவும் இசைக்கோட்பாடும் கற்க. அங்கே ஒரு கை முடங்கிப்போனது. தலைவலிக்கு வைத்தியமாகக் கையைக் கீறி இரத்தம் வடியவிட்டதும், அந்தக் கையோடேயே விடாமல் பியானோ பயின்றதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கை சரியாக இருந்திருந்தாலும் தமக்குப் பெரிய கலைஞனாகும் திறமை இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த நாலு வருஷத்தில், நன்றாகப் பயிற்சி பெற்ற ஒரு குழு எப்படி ஒலிக்கும் என்பதைக் காதாரக் கேட்டுவிட்டார். அமெரிக்காவில் அதைக் கேட்டவர்கள் சொற்பம். கேட்டதை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தவர்கள் அதைவிடச் சொற்பம்.

1860இன் கடைசியில் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர். முதலில் காலாட்படை, பிறகு குதிரைப்படையில் மேஜர். 1863 ஜூன் 17இல் வர்ஜீனியாவின் ஆல்டி சண்டையில் முகத்தில் வாள்வெட்டு, உடம்பில் குண்டு. வெட்டின் தழும்பு கடைசிவரை இருந்தது. மேஜர் என்ற பட்டமும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்த டிசம்பரில், விஞ்ஞானி லூயி அகாசிஸின் மகள் ஐடாவை மணந்தார். போர் முடிந்ததும் ஒஹாயோவில் எண்ணெய் தோண்டப் போனார், கைகூடவில்லை. நண்பர்களோடு சேர்ந்து ஜார்ஜியாவில் பருத்தித் தோட்டம் வாங்கினார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்குக் கூலி கொடுத்து விவசாயம் செய்து காட்டுவது என்ற நல்லெண்ணமும் அதில் கலந்திருந்தது. விளைச்சலும் விலையும் காலை வாரிவிட்டன, கைமுதல் கரைந்தது. 1868 ஜனவரியில்தான், தந்தை கூட்டாளியாக இருந்த லீ, ஹிக்கின்சன் அண்ட் கம்பெனியில் சேர்ந்தார். இரக்கப்பட்டுத்தான் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொல்வதுண்டு. அப்போது வயது 33.

வங்கித் தொழிலைக் கைவிட்டுக் கலைக்கு வந்தவர் என்று இவரை எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறான சித்திரம். இசைக்குழு தொடங்கிய பிறகும் ஸ்டேட் தெருவில் இருந்த அலுவலகத்துக்கு அவர் கிழவயது வரைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார், போகாவிட்டால் அறுபது பேருக்குச் சம்பளம் கிடையாது. 1881இல் அவரிடம் அந்தப் பத்து லட்சம் ரொக்கமாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஒரு முதலைப் போட்டு அதன் வட்டியில் குழுவை நடத்துவதற்குப் பதில், தம் ஆண்டு வருமானத்தையே வட்டியாக வைத்து நடத்தினார். அதாவது, அந்தக் குழுவின் மூலதனம் ஹிக்கின்சன் என்ற மனிதர். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அக்டோபரில் கச்சேரி தொடங்கியாக வேண்டும். 1893இன் பெரும் நெருக்கடியிலும் தொடங்கியது. தாமே நொடித்துப்போய் எழுந்த ஒருவருக்குத்தான் இந்தத் துணிச்சல் வரும் என்று ஊகிக்கலாம். கூடவே இன்னொன்றும் இருந்தது. போரில் அவருடைய நெருங்கிய தோழர்கள் பலர் மடிந்தார்கள். கறுப்பினப் படைப்பிரிவை நடத்திச் சென்று வீழ்ந்த ராபர்ட் கூல்ட் ஷா அவர்களில் ஒருவர். 1890இல் ஹார்வர்டுக்கு 31 ஏக்கர் விளையாட்டு மைதானம் கொடுத்தபோது ஆறு நண்பர்களின் பெயரைப் பொறிக்கச் சொன்னாரே தவிர, தம் பெயரை வைக்கவில்லை. உயிரோடு மிஞ்சியவனுக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது என்ற எண்ணம் அவருடைய கொடைகள் எல்லாவற்றிலும் ஓடுவதைக் காணலாம்.

1881 மார்ச் கடைசியில் செய்தித்தாள்களில் அறிவிப்பு வந்தது. 20 கச்சேரிகள், நடத்துநர் ஜார்ஜ் ஹென்ஷல், தனி டிக்கெட் 75 சென்டும் 25 சென்டும், வாரத்துக்கு ஒரு பொது ஒத்திகை, அதற்கு 25 சென்ட். ஹென்ஷல் அப்போது 31 வயது இளைஞர், பாடகர், பிராம்ஸின் நண்பர். நடத்துநராக அனுபவம் சொற்பம். அக்டோபர் 22 அன்று பாஸ்டன் மியூசிக் ஹாலில் பீத்தோவனோடு முதல் கச்சேரி நடந்தது. கூட்டம் வந்தது, விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள். இதெல்லாம் எந்தத் தொடக்கத்திலும் நடப்பது. உண்மையான தொடக்கம் அடுத்த வசந்தத்தில் வந்த ஒப்பந்தக் காகிதம்தான். இரண்டாம் ஆண்டுக்கு வாத்தியக்காரர்களிடம் அவர் நீட்டிய நிபந்தனைகளைப் பாருங்கள். புதன் முதல் சனி வரை நான்கு நாட்கள் குழுவுக்கே உரியவை. அந்த நாட்களில் வேறு எந்தக் குழுவிலும், வேறு எந்த நடத்துநரின் கீழும் வாசிக்கக் கூடாது. ஹேண்டல் அண்ட் ஹைடன் சொசைட்டிக்கு மட்டும், ஓய்வு நேரத்தில், விலக்கு. நடனத்துக்கு வாசிக்கவே கூடாது.

ஊரே கொதித்தது. பணத்திமிர், ஏகபோகம், பாஸ்டன் இசையையே விலைக்கு வாங்கப் பார்க்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. வாத்தியக்காரர்களில் சிலர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். நீங்கள் வராவிட்டால் ஐரோப்பாவிலிருந்து ஆள் கொண்டுவருவேன் என்று ஹிக்கின்சன் பதில் சொன்னார், மிரட்டல்தான், சந்தேகமில்லை. ஹார்வர்டு இசைச் சங்கத்தின் கச்சேரிகள் அந்த ஆண்டோடு நின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குற்றச்சாட்டு முழுப் பொய்யல்ல. ஆனால் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். நடனத் தடை எதற்கு? இரவு முழுக்க நடன விருந்தில் வாசித்துவிட்டு மறுநாள் காலை ஒத்திகைக்கு வரும் குழல்காரரின் உதடு எப்படி இருக்கும் என்று யோசித்தாலே விடை தெரியும். நான்கு நாட்கள் எதற்கு? முன் சொன்ன பதிலாள் வழக்கத்தை வேரோடு அறுக்க. மீதி மூன்று நாட்களில் டியூஷன் எடுக்கலாம், வேறு வேலை பார்க்கலாம். வாத்தியக்காரரின் சுதந்திரத்தை அவர் பறித்தார் என்பது உண்மை. அந்தச் சுதந்திரம் பெரும்பாலும், கிடைத்த வேலைக்கெல்லாம் ஓடும் சுதந்திரமாகத்தான் இருந்தது என்பதும் உண்மை. கட்டாயப்படுத்தாமல் இதைச் சாதித்திருக்கலாமே என்பார்கள். நியூயார்க் பில்ஹார்மோனிக் நாற்பது ஆண்டு கூட்டுறவாக நடந்தும் அந்தக் கட்டுப்பாட்டை எட்டவில்லை. 1909இல் அங்கேயும் பணக்காரர்கள் பொறுப்பேற்று, முழுநேரக் குழுவாக்கி, மாலரை நடத்துநராக வைத்த பிறகே நிலைமை மாறியது. இருபத்தேழு ஆண்டு பிந்தி அவர்களும் ஹிக்கின்சனின் வழிக்கே வந்தார்கள் என்பதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை.

கட்டுப்பாட்டின் பலன் ஹென்ஷலுக்குப் பின் வந்த வில்ஹெல்ம் கெரிக்கேயின் காலத்தில் தெரிந்தது. வியன்னா அரச ஓபராவிலிருந்து 1884இல் வந்தவர். அடுத்த ஆண்டே ஐரோப்பாவிலிருந்து இருபது புதிய ஆட்களைக் கொண்டுவந்தார். முதல் வயலின் ஃப்ரான்ஸ் க்னைசலுக்கு வயது 20. பழைய ஆட்களை வெளியேற்றியதில் மனக்கசப்பு இல்லாமலில்லை. கெரிக்கே வில்லைத் தூக்கும் கோணம்வரை பார்ப்பார் என்று பெயர். பிராம்ஸ், ப்ரக்னர் வந்தால் அவையில் பாதி எழுந்து போய்விடும்; ஆனாலும் நிகழ்ச்சி நிரலில் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்ல உரிமையும் காரணமும் உள்ள ஒரே மனிதர் ஹிக்கின்சன். நிறுத்தச் சொல்லவில்லை. என்ன வாசிப்பது, எப்படி வாசிப்பது என்பது நடத்துநரின் வேலை, பில்லைக் கட்டுவது என் வேலை என்ற எல்லையை முப்பத்தேழு ஆண்டும் அவர் தாண்டியதாகத் தெரியவில்லை. அரண்மனைப் புரவலர்களிடமிருந்து அவர் வேறுபடும் இடம் இதுதான். ஹைடன் தம் இளவரசர் வாசிக்கும் பாரிட்டன் என்ற வாத்தியத்துக்காக நூற்றுக்கும் மேல் படைப்புகள் எழுத வேண்டியிருந்தது. பாஸ்டன் நடத்துநர் யாரும் முதலாளியின் ரசனைக்காக எதையும் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. நாள்களின் மீது முழு அதிகாரம், நிரலின் மீது அதிகாரமே இல்லை. கோடைக்காலக் கச்சேரிகளைக்கூட இந்தக் கணக்கில் பொருத்திப் பார்க்கலாம். 1885இல் தொடங்கி, பிறகு பாப்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற அந்த மெல்லிசைக் கச்சேரிகளில் மேசை போட்டுக் குடிக்கக் கொடுத்தார்கள், வால்ட்ஸ் வாசித்தார்கள். 1881இன் காகிதத்திலேயே, நல்ல நடன இசையோடு கோடைக் கச்சேரி என்ற யோசனை இருக்கிறது. குளிர்காலம் முடிந்ததும் வாத்தியக்காரர் வேலை தேடி அலையாமலிருக்க அது உதவியது. ஏழைகளும் வரட்டும் என்ற நோக்கமும் அவருக்கு இருந்தது.

ஏழைகள் வந்தார்களா? இதுதான் அவர்மீது வைக்கக்கூடிய நியாயமான கேள்விகளில் முதலாவது. கூலித் தொழிலாளி நாளொன்றுக்கு ஒன்றரை டாலர் அளவில் சம்பாதித்த காலத்தில் 25 சென்ட் எட்டக்கூடிய விலைதான். ஆனால் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடந்த பொது ஒத்திகைக்கு எந்தக் கூலித் தொழிலாளி வர முடியும்? வந்தவர்கள் இசை மாணவர்கள், ஆசிரியைகள், அவர்களோடு ஏராளமாக மேட்டுக்குடிப் பெண்கள். சீசன் டிக்கெட்டுகளைக் கள்ளச் சந்தைக்காரர்கள் வாங்கிப் பதுக்கவே, ஏலம் விடும் முறை வந்தது. நல்ல இருக்கைகள் அச்சிட்ட விலையைப் போலப் பல மடங்குக்குப் போயின. ஏலத்தில் மிகுந்து வந்தது துண்டைக் குறைத்தது. பணக்காரரிடம் சந்தை விலை, முன்பதிவில்லாத இருக்கைக்கு அதே 25 சென்ட் என்பது வங்கியாளரின் சாமர்த்தியம்தான். படிக்கட்டில் வரிசையில் நின்று அந்த இருக்கையைப் பிடித்தவர்கள் பல பத்தாண்டுகள் இருந்தார்கள் என்பதால் வாக்கை அவர் மீறவில்லை என்று சொல்லலாம். அவர் நினைத்த அளவுக்கு ஊர் முழுவதற்கும் அந்த இசை போய்ச் சேரவில்லை என்றும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1893 வாக்கில் பழைய மியூசிக் ஹால் இடிபடும் என்ற பேச்சு வந்தபோது ஹிக்கின்சன் செய்ததைக் கவனிக்க வேண்டும். புது அரங்கத்தை அவர் தம் பணத்தில் மட்டும் கட்டவில்லை. ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக் கட்டித் தரட்டும், குழுவை நான் நடத்துகிறேன் என்றார். கட்டடத்துக்குப் பணம் கேட்டால் தருவதற்கு ஆள் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும், பெயர் நிற்கும். ஆண்டு நஷ்டத்துக்குத் தருவதற்கு ஆள் கிடையாது. எதற்குப் பிறர் பணம், எதற்குத் தம் பணம் என்று அவர் பிரித்த இந்த இடம் அவருடைய முழு அறிவையும் காட்டுகிறது. கட்டடக் கலைஞர் சார்லஸ் மெக்கிம் முதலில் அரைவட்டக் கிரேக்க அரங்கு ஒன்றைப் போட்டுத் தந்தார். அதைக் கைவிட்டுவிட்டு, லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸைப் போல நீண்ட செவ்வக அமைப்புக்கு மாறினார்கள். ஒலி ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் ஹார்வர்டின் இளம் இயற்பியலாளர் வாலஸ் சபைன். ஹார்வர்டில் பேச்சு எதிரொலித்துக் குழம்பிய ஒரு விரிவுரைக் கூடத்தில், இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்துபோட்டும் எடுத்தும், ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தவர் அவர். அந்த அளவைகளிலிருந்து பிறந்த சூத்திரம், அறையின் கொள்ளளவையும் ஒலியை உறிஞ்சும் பரப்புகளையும் வைத்து எதிரொலி நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடும். கணக்குப் போட்டு ஒலியைத் தீர்மானித்துக் கட்டிய முதல் அரங்கம் என்ற பெருமை 1900 அக்டோபர் 15இல் திறந்த சிம்பொனி ஹாலுக்கு உண்டு. மேடைக்கு மேலே சுற்றிலும் இசைமேதைகளின் பெயர் பொறிக்க இடம் விட்டார்கள். பீத்தோவன் பெயரில் மட்டுமே எல்லாரும் ஒத்துப்போக, மற்றவை இன்றும் வெறுமையாக இருக்கின்றன. திறந்த புதிதில் ஒலி சரியில்லை என்று குறை சொன்ன விமர்சகர்களும் இருந்தார்கள். இன்று உலகின் சிறந்த அரங்குகளைப் பட்டியலிடுகிறவர்கள் வியன்னா, ஆம்ஸ்டர்டாம் அரங்குகளோடு இதையும் சேர்க்காமல் விடுவதில்லை.

இரண்டாவது கேள்வி கடுமையானது. பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு ரயில்வே கடன்பத்திரங்கள், தொலைபேசி, மின்சாரம். எல்லாவற்றுக்கும் முன்னால் தாமிரம். மிச்சிகனின் வடகோடியில் இருந்த கலுமெட் அண்ட் ஹெக்லா சுரங்கம் அந்தக் காலத்தின் பொன் முட்டை வாத்து. அதை நடத்தியவர்கள் ஹிக்கின்சனின் சகலை குவின்சி ஷாவும் மைத்துனர் அலெக்சாண்டர் அகாசிஸும். ஹிக்கின்சனின் நிறுவனமும் அந்தத் தாமிரத்தில் வளர்ந்தது. 1913இல் அந்த வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் கூலி உயர்வும் கேட்டு நின்றார்கள். தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கவும் கேட்டார்கள். கம்பெனி சங்கத்தோடு பேசவே மறுத்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் முந்தின நாள், வேலைநிறுத்தக்காரர்களின் குழந்தைகளுக்கு நடந்த விருந்தில் யாரோ தீ என்று பொய்க் கூச்சல் போட, இத்தாலியன் ஹால் மாடிப்படியில் நெரிசலில் 73 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். அந்தச் சாவுகளுக்கு ஹிக்கின்சன் பொறுப்பு என்று சொன்னால் அது அநியாயம். அவர் அந்தச் சுரங்கத்தின் நிர்வாகி அல்லர். ஆனால் இசைஞர் சங்கத்தோடு பேச மாட்டேன், வற்புறுத்தினால் குழுவையே கலைத்துவிடுவேன் என்று பாஸ்டனில் அவர் எடுத்த நிலையும் மிச்சிகனில் கம்பெனி எடுத்த நிலையும் ஒரே வர்க்கத்தின் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவை. நல்ல எஜமானன் நல்லதைச் செய்வான், கேட்டு வாங்கக் கூடாது என்பதே அது. அவர் நல்ல எஜமானனாக இருந்தார் என்பதற்கு 1903இல் ஏற்பட்ட ஓய்வூதிய நிதி போன்ற சான்றுகள் உண்டு. எஜமானன் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த நம்பிக்கையில் இடமே கிடையாது.

இங்கேதான் காகிதத்தின் கடைசி வரிக்கு வர வேண்டியிருக்கிறது. முப்பத்தேழு ஆண்டுகளில் அவர் கட்டிய துண்டு பத்து லட்சம் டாலரை ஒட்டி வந்தது என்பது வழக்கமான கணிப்பு. சராசரி ஆண்டுக்கு 27,000 டாலர். எதிர்பார்த்ததில் பாதியை ஒட்டியது. திட்டம் கச்சிதமாகவே பலித்தது. ஆனால் அவர் எழுதிய முதல் மட்டும் எந்த ஆண்டிலும் தனியாக எடுத்து வைக்கப்படவில்லை. 1881இல் வசதியில்லை, ஒப்புக்கொள்ளலாம். 1900இல்? நண்பர்கள் பெயரில் மைதானமும், 1,50,000 டாலரில் மாணவர் மன்றக் கட்டடமும் ஹார்வர்டுக்குக் கொடுத்தவருக்கு, குழுவின் பெயரில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முதலைச் சேர்ப்பது முடியாத காரியமா? முதலைக் கொடுத்துவிட்டால் அதை ஆள ஒரு குழு வரும். அந்தக் குழு நடத்துநரைக் கேள்வி கேட்கும், நிரலில் தலையிடும் என்று அவர் அஞ்சியிருக்கலாம் என்பார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. சிகாகோவில் 1891இல் ஐம்பது பேர் ஆளுக்கு ஆயிரம் டாலர் உத்தரவாதம் கொடுத்துத் தொடங்கிய குழுவில் பணம் போட்டவர்களின் முணுமுணுப்பு ஓயவே இல்லை. தனிமனித ஆட்சியின் லாபம் பாஸ்டனுக்குக் கிடைத்தது. அதன் நஷ்டம் 1917இல் வந்தது.

அந்த அக்டோபர் 30 அன்று குழு பிராவிடன்ஸ் நகரத்தில் வாசிக்க இருந்தது. அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இறங்கி அரை ஆண்டு ஆகியிருந்தது. நடத்துநர் கார்ல் முக், பெர்லின் அரச ஓபராவிலிருந்து கைசரின் அனுமதியோடு வந்தவர். தேசிய கீதம் வாசிக்க வேண்டும் என்று உள்ளூர் அமைப்புகளிடமிருந்து கோரிக்கை வந்தது. ஹிக்கின்சனும் மேலாளர் சார்லஸ் எல்லிஸும் அது சிம்பொனிக் கச்சேரிக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள், முக்கிடம் சொல்லவேயில்லை. மறுநாள் பத்திரிகைகளில் முக் மறுத்துவிட்டதாகச் செய்தி. முன்னாள் அதிபர் தியடோர் ரூசவெல்ட் வரை கண்டித்தார். பால்டிமோர் கச்சேரி ரத்தானது. அதன் பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் முக் கீதத்தை நடத்தியும் பயனில்லை. 83 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஹிக்கின்சன், தழும்பேறிய முகத்தோடு, நடத்துநருக்காகப் பகிரங்கமாக நின்றார். நிரலில் தலையிடாத தம் விதியின்படிதான் நின்றார். 1918 மார்ச் 25 இரவு, பாக்கின் மத்தேயு பாடுகள் கச்சேரிக்கு முன்தினம், முக் கைதானார். ஜார்ஜியாவின் ஓகில்தார்ப் முகாமில் அடைத்து, 1919இல் நாடு கடத்தினார்கள். ஜெர்மானிய வாத்தியக்காரர்கள் பலரும் வேலை இழந்தார்கள். ஏப்ரலில் ஹிக்கின்சன் விலகலை அறிவித்தார். 1919 நவம்பர் 14இல் காலமானார்.

ஒரு பேரவையோ அறங்காவலர் குழுவோ இருந்திருந்தால் முக்கைக் காப்பாற்றியிருக்குமா? காப்பாற்றியிருக்காது, போர்க்கால வெறியில் இதே முடிவுக்குத்தான், ஒருவேளை இன்னும் சீக்கிரமாக, வந்திருக்கும். ஆகவே முக்கின் கதையை மட்டும் வைத்து ஹிக்கின்சனின் முறையைக் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் அதற்கு அடுத்த மாதங்களில் தெரிகிறது. நீதிபதி ஃப்ரெடெரிக் காபட் தலைமையில் ஒன்பது அறங்காவலர்கள் பொறுப்பேற்றபோது நல்ல அரங்கம் இருந்தது, ஓய்வூதிய நிதி இருந்தது, கேட்டுப் பழகிய ஊர் இருந்தது. துண்டைக் கட்ட ஆளில்லை. சங்கம் கூடாது என்ற பழைய விதியை மட்டும் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அதைத் தாங்கிக்கொள்ளும்படி வாத்தியக்காரர்களுக்கு இருந்த ஒரே காரணம், கேட்காமலே கொடுக்கும் ஒரு கிழவர், இப்போது இல்லை. போருக்குப் பின் விலைவாசி ஏறியது, சம்பளம் ஏறவில்லை. 1920 மார்ச்சில் முதல் வயலின் ஃப்ரெட்ரிக் ஃப்ராட்கின், நடத்துநர் பியர் மோந்தோ கைகாட்டியும் எழுந்து நிற்க மறுத்தார். அடுத்து முப்பது பேர் அளவில் வெளியேறினார்கள். கெரிக்கே கட்டியதை மோந்தோ மறுபடி அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. லீ, ஹிக்கின்சன் நிறுவனமோ ஸ்வீடன் தீப்பெட்டி மன்னர் இவார் க்ரூகரின் மோசடியில் சிக்கி 1932இல் கவிழ்ந்தது. சிம்பொனியின் முதல் அந்த நிறுவனத்தின் பங்குகளில் முடங்கியிருந்தால் அதுவும் கூடவே போயிருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. முதலை எங்கே போடுவது என்பது வேறு கேள்வி. போடுவதா வேண்டாமா என்பதற்கு அது விடையாகாது. அமெரிக்காவின் பெரிய குழுக்களில் கடைசியாக, 1942இல்தான், பாஸ்டன் வாத்தியக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். பத்து லட்சத்தை ஒருவர் தனியாகக் கொடுப்பதற்கும், ஐம்பது பேர் ஆளுக்கு ஆயிரம் என்று கையெழுத்துப் போடுவதற்கும் என்ன வித்தியாசம் என்பதைச் சிகாகோவில் தியடோர் தாமஸ் பட்ட பாட்டிலிருந்து அடுத்த இதழில் பார்ப்போம்.